நாற்பத்தேழாம் வசனம்

கடலூர் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் பரங்கிப்பேட்டையில் யாசீன் சூரா ஒலிக்காத வீடு கிடையாது. குர்ஆனின் 36-ஆவது அத்தியாயம், 83 வசனங்கள், நிதானமாக ஓதினால் கால் மணி நேரம். சக்கராத்தில், மரணத் தறுவாயில், கிடப்பவரின் தலைமாட்டில் அதை ஓதுவார்கள். மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டத் தண்ணீர் சுடும்வரை பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓதுவார்கள். வெள்ளி இரவில் ஓதுவார்கள், மையவாடி வாசலில் ஓதுவார்கள், வெளிநாடு புறப்படும் பிள்ளையின் பெட்டியைக் கட்டி முடித்த பிறகும் ஓதுவார்கள். ஷஃபான் மாதத்துப் பராஅத் இரவில் மக்ரிபுக்குப் பின் மூன்று யாசீன் உண்டு. முதலாவது நீண்ட ஆயுளுக்கு, இரண்டாவது பலா முஸீபத்துகள் என்னும் துன்பங்கள் விலக, மூன்றாவது ரிஸ்கில், பிழைப்பில், பரக்கத் பெருக.

வரப்போகும் ஆண்டின் பிறப்பும் இறப்பும் பிழைப்பும் அந்த இரவில் எழுதப்படுகின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள். வானமும் பூமியும் படைக்கப்படுவதற்கு முன்பே எல்லாம் லவ்ஹுல் மஹ்ஃபூள் என்னும் மூல ஏட்டில் எழுதியாகிவிட்டது என்று சொன்னவர்களும் அவர்களேதான். எழுதியாகிவிட்டதென்றால் இந்த மூன்று யாசீன் எதற்கு? 1980-களிலிருந்து தவ்ஹீது இயக்கத்தார் இந்த இரவின் வழக்கங்களுக்கு உறுதியான ஹதீஸ் ஆதாரம் இல்லை என்று சொல்லி வருகிறார்கள். அறிவிப்பாளர் வரிசையைச் சோதித்துப் பார்ப்பது மதிக்க வேண்டிய பழக்கம்தான், அந்த வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. எழுதியாகிவிட்டது என்று முழுமனதாக நம்பும் ஒரு பெண், எழுதியவனிடமே மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கிறாள். அவளுக்கு இதில் முரண் எதுவும் தெரிவதில்லை. குர்ஆனிலும் அவளுக்கு இடம் இருக்கிறது. அல்லாஹ், தான் நாடியதை அழிப்பதாகவும் நாடியதை நிலைநிறுத்துவதாகவும், மூல ஏடு தன்னிடமே இருப்பதாகவும் 13-ஆவது அத்தியாயத்தின் 39-ஆவது வசனம் சொல்கிறது. விதியைத் திருப்பக்கூடியது துஆ ஒன்றுதான் என்னும் பொருளில் திர்மிதியில் ஒரு நபிமொழியும் உண்டு.

இப்படி இறப்புக்கும் விதிக்கும் ஆயுளுக்கும் என்று ஓதப்படுகிற இந்த சூராவின் நடுவில் ஒரு வசனம் இருக்கிறது. அரபியில் ஓதிக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே நின்றிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. 47-ஆவது வசனம். அல்லாஹ் உங்களுக்குக் கொடுத்ததிலிருந்து செலவு செய்யுங்கள் என்று மக்காவின் பணக்காரர்களிடம் சொல்லப்படுகிறது. அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்: அல்லாஹ் நாடியிருந்தால் அவனே இவர்களுக்கு உணவளித்திருப்பானே, அவன் உணவளிக்காதவர்களுக்கு நாங்கள் ஏன் உணவளிக்க வேண்டும்? கேள்வி பக்திமான் கேட்பது போலவே இருக்கிறது. இறைவனின் நாட்டத்துக்கு மிஞ்சி எதுவும் இல்லை என்கிற கொள்கையை எடுத்துத்தான் அவர்கள் பேசுகிறார்கள். குர்ஆன் அதைப் பக்தியில் சேர்க்கவில்லை. மறுத்தவர்களின் பேச்சு என்றே குறித்து வைக்கிறது.

விதியைப் பற்றி இஸ்லாம் சொல்வதெல்லாம் இந்த ஒரு வசனத்தை வைத்துப் பார்த்தால்தான் துலங்குகிறது என்பது என் எண்ணம்.

ஈமானின் ஆறு கடமைகளை மக்தபில் ஆறு வயதிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். அல்லாஹ், மலக்குகள், வேதங்கள், தூதர்கள், மறுமை நாள், ஆறாவதாகக் களா கத்ர். நன்மையும் தீமையும் அவன் விதித்தபடியே என்று நம்புவது. ஐந்தாவதும் ஆறாவதும் அடுத்தடுத்து நிற்பதில்தான் சிக்கலே. மறுமையில் கேள்வி கணக்கு உண்டு, மீஸான் தராசில் அமல்கள் நிறுக்கப்படும், கையும் காலும் சாட்சி சொல்லும். கையும் காலும் பேசும் காட்சி யாசீனின் 65-ஆவது வசனத்திலேயே வருகிறது. விதித்தவன் அவன் என்றால் கேள்வி ஏன் என்னிடம்?

இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் ஓய்வாக உட்கார்ந்து தர்க்கம் பேசியவர்கள் இல்லை. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் பஸ்ராவிலும் டமாஸ்கஸிலும் இது உயிர்போகிற அரசியலாக இருந்தது. உமையா ஆட்சியாளர்களுக்கு விதி வசதியான சாட்சி. அவர்கள் சிந்திய ரத்தமும் பிடுங்கிய சொத்தும் அல்லாஹ்வின் ஏற்பாடு ஆகிவிடும். மனிதனின் செயலுக்கு மனிதனே பொறுப்பு என்று பேசிய மஅபத் அல்-ஜுஹனீ ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் கொல்லப்பட்டார். கைலான் திமஷ்கீக்கும் அதே கதி. நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையின் பெரிய தாபியீயான ஹசன் பஸரீ (மறைவு 728), தங்கள் செயல்களை விதியின் மேல் போடும் ஆட்சியாளர்களைப் பொய்யர்கள் என்று சொன்னதாகக் குறிப்புகள் இருக்கின்றன. கலீஃபா அப்துல் மலிக்குக்கு அவர் எழுதியதாக இதே பொருளில் ஒரு மடலும் வழங்குகிறது.

பிறகு முஃதஸிலாக்கள் வந்தார்கள். மனிதன் தன் செயலைத் தானே படைக்கிறான், இல்லையென்றால் இறைவனின் நீதிக்குப் பொருளில்லை என்றார்கள். மறுகோடியில் ஜப்ரிய்யாக்கள், மனிதன் காற்றில் அடித்துப் போகும் சிறகு என்றார்கள். முஃதஸிலாவாகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு விலகி வந்த அபுல் ஹசன் அஷ்அரீ பத்தாம் நூற்றாண்டில் ஒரு நடுவழி சொன்னார்: செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதைச் சம்பாதித்துக்கொள்பவன் மனிதன். இந்தக் ‘கஸ்ப்’ பிடிபடாமல் நழுவுவது. ஒன்று மிக நுட்பமாக இருந்தால், அஷ்அரீயின் கஸ்பை விட நுட்பம் என்று அரபிகளே சொல்லும் அளவுக்குப் போனது. சோழமண்டலக் கரையின் மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபினர், அகீதாவில், கொள்கையில், அஷ்அரீயின் வழி. சிதம்பரத்துக்குத் தென்மேற்கே, வீராணம் ஏரிக்கரையில் இருக்கும் லால்பேட்டையில் 1862-இல் தொடங்கிய ஜாமிஆ மன்பவுல் அன்வாரில் ஓதி ‘மன்பஈ’ பட்டம் வாங்கிய ஆலிம்கள் தமிழ்நாடெங்கும் பள்ளிவாசல்களில் இமாமாக இருக்கிறார்கள். பஸ்ராவில் ரத்தம் சிந்திய விவாதம் வீராணம் கரையில் பாடமாக நடக்கிறது.

பொதுமக்களுக்கு மறுமை பாடமாக வந்து சேரவில்லை, காட்சியாக வந்தது. கொண்டுவந்தது தமிழ்தான். முழுதாகக் கிடைக்கும் முதல் இஸ்லாமியத் தமிழ்க் காப்பியம் என்று சொல்லப்படும் வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’, 1572-இல் அரங்கேறியது. யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம் நபிகளிடம் ஆயிரம் கேள்வி கேட்பதாக அமைந்த நூல். படைப்பும் சொர்க்கமும் நரகமும் அங்கே கேள்வி பதிலாக விரிகின்றன. ஆலிப்புலவரின் ‘மிகுராசு மாலை’ நபிகளின் விண்ணேற்றத்தைப் பாடியது. நபிகளின் வரலாறு பாடும் சீறாப்புராணத்துக்கு, வள்ளல் சீதக்காதிக்குப் பிறகு கை கொடுத்தவர் இந்தப் பரங்கிப்பேட்டையின் அபுல் காசிம் மரைக்காயர். அவர் இல்லையென்றால் அந்தக் காப்பியம் இன்று இருக்கிற அளவுக்கும் வந்திருக்காது. இந்தக் கரையில் மறுமை தமிழில் பேசிப் பழகியது. நம் பாட்டிமார்கள் சிராத்துல் முஸ்தகீம் பாலத்தை முடியினும் மெல்லியது, வாளினும் கூரியது என்று சொல்லும்போது அரபு நாட்டுக் கதை சொல்வது போலவே இருக்காது. பக்கத்து வெள்ளாற்றுப் பாலத்தைச் சொல்வது போலிருக்கும்.

அடக்கம் முடிந்த பிறகு நடக்கும் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மையித்தைக் கிப்லாப் பக்கம் திருப்பிக் கிடத்தி, மூடுபலகை வைத்து, வந்தவர்கள் மூன்று மூன்று பிடி மண் போட்டாகிவிட்டது. கூட்டம் கலையத் தொடங்கும்போது ஆலிம் ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து தல்கீன் ஓதுகிறார். இறந்தவரைத் தாயின் பெயரோடு சேர்த்து அழைப்பது மரபு. தாயின் பெயர் தெரியாவிட்டால் ஹவ்வாவின் மகனே என்று அழைக்கலாம். முன்கர், நகீர் என்ற இரண்டு மலக்குகள் வந்து உன் ரப்பு யார், உன் தீன் எது, உன் நபி யார் என்று கேட்பார்கள், பயப்படாதே, இன்னது சொல் என்று மண்ணுக்குள் இருப்பவருக்குப் பாடம் எடுக்கிறார். இதற்கும் ஆதாரம் போதாது என்போர் உண்டு. ஷாஃபி நூல்கள் இதை விரும்பத்தக்கது என்கின்றன. செயல்களின் ஏடு மூடப்பட்டுவிட்டது, இனிச் சேர்க்கவோ நீக்கவோ அவரால் முடியாது. அப்படியும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விடை சொல்லிக் கொடுக்கிறார். எல்லாம் முடிந்தது என்று கைவிட இந்த மார்க்கத்துக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதே சாவு வீட்டில் வேறொரு பேச்சும் நடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி மோதி மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் வீட்டில் இருந்தேன். வந்த பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவராக, “அவனுக்கு அளந்தது அவ்வளவுதான், பொறுத்துக்கோ, அல்லாஹ்வோட நாட்டம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அந்தத் தாய் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “லாரிக்காரன் தூங்கிட்டே ஓட்டுனதும் எழுதி வச்சதுதானா?” யாரும் பதில் சொல்லவில்லை. அஸ்தஃபிருல்லாஹ் என்று ஒருவர் முணுமுணுத்தார். வாசலில் உட்கார்ந்திருந்த வயதான ஹஜ்ரத் கேட்டுவிட்டு உள்பக்கம் பார்த்துச் சொன்னார்: “உம்மா, விதின்னு நீங்க சொல்றப்போ அது ஸபுரு, பொறுமை. அதை நாங்க வந்து உங்களுக்குச் சொல்லக் கூடாது. லாரிக்காரன் சொல்லவே கூடாது. அவன் போலீசுக்கும் பதில் சொல்லணும், மறுமையிலயும் பதில் சொல்லணும்.” அந்த அம்மாள் அதற்குப் பிறகுதான் அழுதார்.

எனக்குத் தெரிந்த கலாம் என்னும் இறையியல் நூல்கள் எதிலும் இதை இவ்வளவு நேராக நான் படித்ததில்லை. ஆனால் மூலம் குர்ஆனில் இருக்கிறது. 57-ஆவது அத்தியாயத்தின் 22, 23 வசனங்கள், எந்தத் துன்பமும் நிகழ்வதற்கு முன்பே ஏட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்குக் காரணமும் தருகின்றன. கைதவறியதற்காக நீங்கள் உருக்குலைந்து போகக் கூடாது, கைவந்ததற்காகத் துள்ளவும் கூடாது. விதியை நம்புவதன் பயன் அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது. நடந்து முடிந்த இழப்பின் முன்னால் நிற்பவனுக்குத் தாங்கும் சக்தி. நடக்கப்போவதில் கை கட்டி நிற்கவோ, அடுத்தவன் பசிக்கும் சாவுக்கும் நியாயம் சொல்லவோ அதில் அனுமதி இல்லை.

இந்தக் கரையில் இது சோதனைக்கு வந்த நாள் 2004 டிசம்பர் 26, ஞாயிறு, மார்கழிப் பௌர்ணமி. இந்திய நேரம் காலை 6.29-க்குச் சுமத்ரா அருகே கடலடி பிளந்தது. சுனாமி அலை கடலூர்க் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, புதுக்குப்பம், பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். திட்டு எல்லாம் அடிபட்டன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் பெண்களும் ஏராளம். பெரும்பாலும் மீனவ மக்கள்.

பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அன்றே இறங்கினார்கள். ஓடி வந்தவர்களுக்கு ஊருக்குள் இடம் கொடுத்தார்கள். தேக்சாக்களில் சோறு ஆக்கி நாள்கணக்கில் போட்டார்கள். சாப்பிட்டவர்கள் மாரியம்மனையும் கடலம்மாவையும் கும்பிடுகிறவர்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. மாவட்ட நிர்வாகத்திலிருந்து தொண்டு நிறுவனங்கள்வரை இதை அப்போதே பாராட்டினார்கள். எனக்கு இது பாராட்டோடு நிற்கிற விஷயமாகப் படவில்லை. யாசீனின் 47-ஆவது வசனத்தில் மக்காவின் பணக்காரர்கள் கேட்ட கேள்விக்கு ஓர் ஊர் சேர்ந்து சொன்ன பதில் அது.

அதே வாரங்களில் உலகெங்கும் மேடைகளில் வேறொன்றும் பேசப்பட்டது. இது பாவத்தின் தண்டனை, எச்சரிக்கை, கடவுளின் கோபம். எல்லா மதத்திலும் சொன்னார்கள், நம்மவர்களும் சொன்னார்கள். சொன்னவர்கள் தங்கள் கிதாபுகளையே சரியாகப் பார்க்கவில்லை. தண்ணீரில் மூழ்கி இறந்தவரை ஷஹீதுகளில், உயிர்த்தியாகிகளில், ஒருவராக எண்ணும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மூழ்கிச் சாவதே தண்டனையின் அடையாளம் என்றால் அந்தத் தகுதி எப்படி வந்தது? மற்ற சமயத்தார் வீட்டுக் குழந்தைகளைப் பற்றியும் பேச்சு இருக்கிறது. இந்தக் கரை பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (மறைவு 1277), பருவம் எய்தாமல் இறந்த இணைவைப்போரின் பிள்ளைகளும் சொர்க்கவாசிகளே, அதுவே சரியான கருத்து என்று முஸ்லிம் விரிவுரையில் எழுதியிருக்கிறார். சொர்க்கத் தோட்டத்தில் இப்ராஹீம் நபியைச் சுற்றி நின்ற பிள்ளைகளில் அவர்களும் இருந்ததாக வரும் நபிகளின் கனவை அதற்கு ஆதாரம் காட்டுகிறார். இஸ்லாத்தின் செய்தி சரியாகப் போய்ச் சேராத மக்கள் இறைவனின் கருணையில் அடங்குவார்கள் என்று அவருக்கு முன்பே இமாம் கஸ்ஸாலீ எழுதினார். தேவனாம்பட்டினத்தில் பிள்ளையைப் புதைத்துவிட்டு நின்ற ஒரு தகப்பனிடம் போய்த் தண்டனை என்று பேச இந்த இமாம்கள் யாரும் நமக்கு உரிமை தரவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தையும் என்னால் மறக்க முடிவதில்லை. சுமத்ராவில் நிலம் பிளந்தபோது கடலூரில் அநேகம் பேர் எழுந்துவிட்டிருந்தார்கள். ஒரு சொல் வந்திருந்தால் ஊருக்குள் நடந்தே வந்திருக்கலாம். இந்தியப் பெருங்கடலில் அப்போது சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே இல்லை, ஐதராபாத்தில் மையம் வந்தது 2007-இல். பரங்கிப்பேட்டையிலேயே இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்தது என்று 2005-இல் எழுதினார்கள். காட்டின் பங்கு எவ்வளவு என்பதில் வாதங்கள் எழுந்தன. எச்சரிக்கை அமைப்பதும் காட்டைக் காப்பதும் மனிதர் கையில் இருந்தவை. அவற்றைச் செய்யாமல் விட்டதை விதிக் கணக்கில் எழுதுவது உமையா ராஜாக்கள் செய்த வேலை.

கலீஃபா உமர் இதில் நமக்கு நல்ல முன்மாதிரி. 639-ஐ ஒட்டிய ஆண்டில் சிரியாவுக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டுப் பாதியில் திரும்பிவிட்டார். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று தளபதி அபூ உபைதா கேட்டார். ஆமாம், அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு ஓடுகிறோம் என்பது உமரின் பதில். அபூ உபைதா தன் படையோடு இருந்து அந்த நோயிலேயே இறந்தார். இரண்டு பேரையும் உம்மத்து மதிக்கிறது. ஆனால் ஊரைக் காக்கும் பொறுப்பில் இருப்பவருக்கு வழி காட்டியது உமரின் முடிவுதான்.

இந்த மாவட்டத்து மண்ணில் இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டவர்கள் பலர். மெய்கண்டார் பெண்ணாடத்துக்காரர். உமாபதி சிவாச்சாரியார் சிதம்பரத்தில் வாழ்ந்தவர். உயிர், வினை, அருள் மூன்றின் கணக்கைச் சைவ சித்தாந்தம் நுட்பமாகப் போட்டது இங்கேதான். ஆனால் யாசீனின் 47-ஆவது வசனத்தைப் படிக்கும்போது என் நினைவுக்கு வருபவர் சிதம்பரம் பக்கத்து மருதூரில் பிறந்த வள்ளலார். 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஜீவகாருணிய ஒழுக்கத்தில் அவர் ஓர் எதிர்வாதத்தை எடுத்துக்கொள்கிறார். உயிர்கள் பசியால் வருந்துவது முன்வினைக்குக் கடவுள் விதித்த தண்டனை, அதில் நாம் குறுக்கிடலாமா என்று கேட்பவர்களின் வாதம். விலங்கிட்டுச் சிறையில் போட்ட குற்றவாளிக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு சோறு போடச் செய்கிறானே என்பது அவர் தரும் விடை. மக்கா பணக்காரர்களின் வாதமும் வடலூரில் வள்ளலார் எதிர்கொண்ட வாதமும் ஒன்றுதான். ஒன்று இறைநாட்டத்தின் பெயரில் வந்தது, மற்றது வினையின் பெயரில் வந்தது. இரண்டு இடத்திலும் பசித்தவன் இலை காலியாகவே கிடந்தது.  வடலூரின் அடுப்பு இன்றும் எரிகிறது. பரங்கிப்பேட்டையில் சுனாமி அன்று எரிந்த அடுப்பையும் அதோடு சேர்த்துச் சொல்ல எனக்கு மனத்தடை இல்லை.

யாசீனிலேயே 12-ஆவது வசனம், இறந்தவர்களை உயிர்ப்பிப்போம் என்று சொல்லும் அதே மூச்சில், அவர்கள் முன்னே அனுப்பியதையும் பின்னே விட்டுச் சென்ற சுவடுகளையும் பதிவு செய்கிறோம் என்கிறது. சுவடு என்பதற்குப் பள்ளிவாசலுக்கு நடந்து போன காலடிகள் என்று விரிவுரையாளர்கள் பொருள் சொல்வார்கள். சாமியார்பேட்டைப் பக்கம் சோற்று வாளியோடு நடந்த காலடிகளும் அதில் அடங்கும் என்று நான் நம்புகிறேன்.

ஜுமுஆ மேடையில் நிற்கும் ஹஜ்ரத்மார்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பர் வந்தால் சுனாமியைப் பற்றிப் பேசுகிறீர்கள். 2011-இல் இதே டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயல் கடலூரைக் கிழித்துவிட்டுப் போனது, 2015-இல் வெள்ளம் வந்தது, அவற்றையும் பேசுகிறீர்கள். அப்போது யாசீனின் 47-ஆவது வசனத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பாங்கு சொல்லும் அதே ஒலிபெருக்கியில், குப்பத்துக்கும் கேட்கும்படி, ஊர் முழுக்க அறிவியுங்கள். மூத்தா போரில் நபித்தோழர் ஜஃபர் இறந்த செய்தி மதீனாவுக்கு வந்தபோது நபிகள் நாயகம், அந்த வீட்டாருக்குச் சமைத்துக் கொடுங்கள் என்றுதான் சொன்னார்கள். மவுத்து வீட்டுக்குப் போகும் நம் ஆட்களுக்கும் அதையே சொல்லுங்கள்: சோறு கொண்டு போகட்டும், விதியைப் பற்றி அந்த வீட்டார் பேசினால் கேட்டுக்கொள்ளட்டும், தாங்களாக எடுத்துப் பேச வேண்டாம்.